கை ஆறுவதற்கு முன் கையெழுத்து வைக்காதீர்கள்

போன வருடம் கார்த்திகை மாதம், மாலை ஆறரை மணியிருக்கும். யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஆடியபாதம் வீதியால் கொக்குவில் பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஹயஸ் வான் ஒன்று என்னை முந்திய கையோடு இடப்பக்க ஒழுங்கைக்குள் திரும்பியது. வலக்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

நான் வீட்டிலிருந்து தைப்பவள். சாறி பிளவுஸ், மார்கழி, தை மாதங்களில் பள்ளிக்கூடச் சீருடை. அந்தக் கைதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு.

பதினெட்டாம் நாள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "இன்சூரன்ஸ் விசயமா வந்திருக்கிறன்" என்றார். மரியாதையான ஆள். அம்மாவோடு ஊர்க்கதை கதைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் பைலைத் திறந்தார்.

"ஆஸ்பத்திரியில எல்லாம் இலவசம்தானே அக்கா, உங்களுக்கு என்ன பெரிய செலவு? சம்பளச் சீட்டு இருக்கோ? இல்லையெண்டால் கோட்டில உங்களுக்கு வருமானமே இல்லையெண்டுதான் எடுப்பினம். சைக்கிளில லைற்றும் இல்லை. பிழை உங்களிலதான், வழக்குப் போட்டால் ஒரு சதமும் வராது. உங்கட தம்பி மாதிரி நினைச்சுச் சொல்லுறன்."

சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லிப் பொலிஸ் தந்த படிவம் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இது கொலைக் கேசுக்கு அக்கா, உங்களுக்குத் தேவையில்லை" என்றார். நானும் நம்பினேன். எங்கள் ஊரில் சட்ட வைத்திய அதிகாரி என்றால் பிரேதப் பரிசோதனைதானே ஞாபகம் வரும்.

90,000 ரூபா தருவதாகச் சொன்னார். 10,000 ரூபாவை எழுத்துக்கூலி என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை எண்ணி வைத்தார். இரண்டு பக்க ஆங்கிலத் தாள். வலக்கை பிளாஸ்டரில் இருந்ததால் இடக்கையால் கோணலும் மாணலுமாகக் கையெழுத்து வைத்தேன். அம்மா சாட்சி. பிரதி தரவில்லை. மருமகள் போனில் எடுத்த படம் ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியது.

ஆறு கிழமையில் பிளாஸ்டரை வெட்டினார்கள். கை பழைய கையாக இல்லை. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை, பெருவிரல் விறைத்தது, கத்தரிக்கோலை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த கிளினிக் டாக்குத்தர், எலும்பு சரிந்து பொருந்தியிருக்கிறது, இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம், செய்தாலும் கொஞ்சம் இறுக்கம் நிரந்தரமாக இருக்கும் என்றார். அன்று பின்னேரமே அந்த ஆளுக்குப் போன் எடுத்தேன். முதல் தடவை "பாப்பம் அக்கா" என்றார். அடுத்த தடவை "அந்தக் கணக்கு முடிஞ்சுது" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

தம்பி பொலிசில் வானின் காப்புறுதி விவரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கொம்பனிக் கிளைக்குப் போனான். அப்படியொரு விபத்து நடந்ததாகத் தங்களுக்கு யாரும் அறிவிக்கவே இல்லை என்றார்கள். வந்தவர் இன்சூரன்ஸ் ஆளே இல்லை. வான் முதலாளி அனுப்பிய ஆள். காப்புறுதியில் கோரிக்கை பதிவானால், கோரிக்கை இல்லாத வருடங்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் முதலாளிக்குக் கிடைக்கும் கழிவு (நோ கிளைம் போனஸ்) போய்விடும், அதனால் கையில் காசைக் கொடுத்து மூடப் பார்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிறகுதான் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் அந்த ஆள் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். இந்தப் பதில்களைத்தான் எல்லோரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆஸ்பத்திரி இலவசம் என்பது உண்மை. ஆனால் வைத்தியச் செலவு நட்டஈட்டில் ஒரு பங்கு மட்டுந்தான். வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வருமானம், இனி உழைக்கும் சக்தியில் குறையப்போவது, பட்ட வலி, முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத குறை, எல்லாவற்றுக்கும் கேட்கலாம். கிளினிக்குக்குப் போய்வந்த ஓட்டோக் காசு, வெளியில் காசு கட்டிச் செய்த நரம்புப் பரிசோதனை எல்லாமே கணக்கில் சேரும். பற்றுச்சீட்டு வேண்டும். நான் பாதியை எறிந்துவிட்டேன்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்றதும் அவர் கேட்டது, "அளவெடுக்கிற கொப்பி வச்சிருக்கிறீங்களோ?" ஒன்பது வருடக் கொப்பிகள் என் தையல் மெசினுக்குக் கீழே இருக்கின்றன. ஆளின் பெயர், அளவு, கொடுக்கும் திகதி, முற்பணம், மிச்சம் எல்லாம் என் கையெழுத்தில். அதுவே சாட்சியம், தைக்கத் தந்த ஆட்களும் வந்து சொல்லலாம் என்றார். மாதம் ஏறத்தாழ 40,000 ரூபா உழைத்திருக்கிறேன். ஐந்து மாதம் மெசினில் இருக்கவில்லை, அதுவே 200,000 ரூபா. எனக்குத் தந்தது அதில் பாதிகூட இல்லை. மேசன், தச்சர், சந்தையில் கடை போடுபவர்கள், இடியப்பம் அவித்துக் கொடுப்பவர்கள், தயவுசெய்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எதிர்கால வருமானத்துக்குக் கணக்குப் போடும்போது வயது, தொழில், முறிந்தது எந்தக் கை, எவ்வளவு நிரந்தரக் குறை என்று பார்ப்பார்களாம். எனக்கு 38 வயது, வலக்கை, கையால் செய்யும் தொழில். இதே முறிவு பென்சன் எடுத்த ஒருவருக்கு வந்திருந்தால் தொகை வேறு. அதற்காக மாதக் குறைவை மிச்ச வருடங்களால் அப்படியே பெருக்கித் தரவும் மாட்டார்கள். மொத்தமாக முன்கூட்டியே கிடைப்பதற்கும், வாழ்க்கையில் வேறு எதுவும் நடக்கலாம் என்பதற்கும் ஒரு பகுதியைக் கழிப்பார்கள் என்றார். கூட்டிச் சொல்லி ஆசை காட்டாததால் அவரில் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த நிரந்தரக் குறையை எழுத்தில் சொல்வது வைத்திய அறிக்கை. சட்ட வைத்திய அதிகாரி பிரேதத்தை மட்டுமல்ல, காயப்பட்டவர்களையும் பார்த்து அறிக்கை எழுதுபவர். அவரிடம் நான் நேரத்துக்குப் போகாதது பெரிய பிழை. ஓட்டோவுக்குக் காசில்லாமல் இரண்டு கிளினிக் தவறவிட்டதும் பிழை. தன் கையை அவளே கவனிக்கவில்லை, அதனால்தான் மோசமானது என்று எதிர்ப்பக்கம் வாதாட இடம் கொடுக்கும்.

லைற் விசயம். அதில் என் பக்கமும் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, காயப்பட்டவரிலும் பிழை இருந்தால் அந்தப் பங்கு அளவுக்கு நட்டஈடு குறையுமே தவிர முழுதாக இல்லாமல் போகாது. சாரதியிடம் காசில்லை என்பதும் தடை இல்லை. முதலாளியின் வேலையாக ஓடும்போது சாரதி விட்ட பிழைக்கு முதலாளியும் பொறுப்பு. வாகனத்தால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதே இதற்குத்தான். வழக்குப் போடும்போது காப்புறுதிக் கொம்பனிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றார்.

சரி, அந்தத் தாள்? "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று அதில் இருக்கிறது. கையெழுத்து வைத்தால் வைத்ததுதான் என்ற இடத்திலிருந்துதான் நீதிமன்றம் தொடங்கும். எனக்கு விளங்காத மொழியில், யாரென்று பொய் சொல்லி வாங்கினார்கள் என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும். இடக்கைக் கையெழுத்தும் மருமகள் எடுத்த படமும் ஓரளவு உதவலாம். முடியாது என்று அவர் சொல்லவில்லை, சுகமென்றும் சொல்லவில்லை. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு நடக்கும் வழக்கு வேறு, அது முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தவணை ஓடிவிடும். எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, போடப்போகிறோம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. முதல் கிழமையே அங்கே போய்க் கேளுங்கள்.

பொலிசில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பதும் உங்கள் உரிமை. வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

இதை இன்று எழுதக் காரணம், கோண்டாவிலில் கால் முறிந்து படுத்திருக்கும் ஒரு பெடியனின் வீட்டுக்குப் போன கிழமை அதே ஆள் போயிருக்கிறார். பெடியனின் அம்மா என்னிடம் பிளவுஸ் தைக்கத் தருபவர், அடையாளம் சொன்னதும் விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காசோடும் தாளோடும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிளினிக் முடியும் வரை ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே என்று பெடியனுக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலையிலேயே தம்பியையும் கூட்டிக்கொண்டு, போனில் இருக்கும் அந்தப் படத்தோடு நானும் அங்கே போய் இருக்கப்போகிறேன்.