ஏலக்கார ராஜாத்தியக்காவும் மூன்று மாட் கருவிகளும்: எதில் செய்தால் குவெஸ்ட் முடியும்?

ஏற்கெனவே உள்ள விளையாட்டில் நாமே செய்து சேர்க்கும் ‘மாட்’ வழியாகப் புதுக் கதாபாத்திரமும் குவெஸ்டும் (ஆட்டக்காரர் முடிக்க வேண்டிய பணி) சேர்க்க எந்த விளையாட்டு நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒரே குவெஸ்டை ஒவ்வொரு கருவியிலும் வைத்துப் பார்த்தால்தான் வேலை எங்கே குவிகிறது என்று தெரியும்.

அதற்கு ஒரு சின்னக் குவெஸ்ட். காசிமேட்டு ஏலக்கூடத்தின் சாயலில் ஒரு துறைமுகம். அங்கே மீன் ஏலம் விடும் ராஜாத்தியக்கா. அவருடைய எடைக்கல் திருடுபோய்விட்டது. ஆட்டக்காரர் அதைத் தேடி எடுத்து அவரிடமே கொடுக்கலாம், இல்லை போட்டி வியாபாரியிடம் விற்கலாம். ஒரு முக்கிய ஆள், ஒரு பொருள், இரண்டு முடிவு.

எடுத்துக்கொள்ளும் கருவிகள் மூன்று: 2002இல் வந்த மாரோவிண்டுக்கு ஓப்பன்எம்டபிள்யூ-சிஎஸ் (அந்த விளையாட்டை ஓட்ட ஆர்வலர்கள் எழுதிய புது எஞ்சினான ஓப்பன்எம்டபிள்யூவின் எடிட்டர்; எஞ்சின் என்பது விளையாட்டை ஓட்டும் மென்பொருள்), ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்குக் கிரியேஷன் கிட், விட்சர் 3க்கு 2024 மே மாதம் இலவசமாக வெளியான ரெட்கிட். மூன்றுக்குமே அசல் விளையாட்டை வாங்கியிருக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3ஐ ஏன் சேர்க்கவில்லை என்றால், 2024 செப்டம்பரில் வந்த அதன் அதிகாரபூர்வக் கருவி புதுக் கதைக்கும் புது இடங்களுக்கும் வழிவிடவில்லை. ஆர்வலர்கள் அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றாலும், முதல் குவெஸ்டை அந்த அடித்தளத்தில் கட்டச் சொல்ல மாட்டோம்.

முதலில் தமிழ்

அக்கா தமிழில் பேச வேண்டும் என்பதுதான் நம்மில் பலருக்கு ஆசை. இந்த மூன்று விளையாட்டுகளோடும் தமிழ் எழுத்துரு வருவதில்லை. ஸ்கைரிமில் தமிழில் தட்டினால் திரையில் வெறும் பெட்டிகள்தான் வரும். மாரோவிண்டின் தரவுக் கோப்புகள் எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் பழைய விண்டோஸ் 1250, 1251, 1252 குறியேற்றங்களில் இருப்பவை. அவற்றில் தமிழுக்கு இடமே இல்லை. எழுத்துருவை எப்படியாவது நுழைத்தாலும், ‘கொ’ என்று எழுதக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய எஞ்சினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நடைமுறைக்கு ஒத்த வழி ஒன்றுதான்: குரல் தமிழில், திரையில் ஓடும் எழுத்து ரோமன் எழுத்துத் தமிழிலோ ஆங்கிலத்திலோ. இப்படி முடிவானதும் ஒப்பீட்டின் கணக்கே மாறிவிடுகிறது, ஏனென்றால் குரலை மூன்றும் மூன்று விதமாக நடத்துகின்றன.

ஓப்பன்எம்டபிள்யூ-சிஎஸ்: எழுத்தாளருக்கு

லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். பழைய கல்லூரி லேப்டாப்பே போதும். மாரோவிண்டில் உரையாடல் பெரும்பாலும் எழுத்துதான். குரல் பெரும்பாலும் வணக்கம், சண்டை போன்றவற்றுக்குத்தான். அதனால் அக்காவுக்கு நாலைந்து வரி ஒலிப்பதிவு செய்தாலே ஆள் முழுமையாகிவிடுவார். மீதி உழைப்பு முழுவதும் எழுத்துக்குப் போகிறது.

குவெஸ்டின் முதுகெலும்பு ஜர்னல் எண்கள், அதாவது ஆட்டக்காரரின் குறிப்பேட்டில் குவெஸ்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் எண்கள். கல் காணோம் என்று கேட்டதும் 10, கல் கைக்கு வந்ததும் 20, அக்காவிடம் கொடுத்தால் 100, போட்டியாளரிடம் விற்றால் 110. பத்துப் பத்தாக விட்டு எழுதுங்கள், பிறகு நடுவில் ஒரு கட்டத்தைச் செருக இடம் இருக்கும். 100, 110 இரண்டுக்கும் ‘ஃபினிஷ்டு’ என்று குறிக்க மறந்தால், முடிந்த குவெஸ்ட் முடியாத பட்டியலிலேயே கிடக்கும்.

உரையாடலை எஞ்சின் மேலிருந்து கீழே படிக்கும். நிபந்தனை பொருந்துகிற முதல் பதிலைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எனவே குறுகிய நிபந்தனை மேலே, பொதுவானது கீழே. ‘ஜர்னல் 20, கையில் கல் இருக்கிறது’ என்ற பதில், ‘ஜர்னல் 10’க்கு மேலே இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. அக்காவின் வணக்க வரியில் பேசுபவர் யார் என்ற வடிகட்டியை நிரப்பாமல் விட்டால், கதை நடக்கும் தீவில் இருக்கும் காவலாளி, பூசாரி, கடைக்காரர் எல்லாரும் “இன்னா தம்பி, கல்லு காணோம், யாவாரமே பூடுச்சி” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

திருத்திய வரியைச் சோதிப்பதும் சுலபம். ஆட்டத்தை மூடித் திறந்து பழைய சேமிப்பை ஏற்றினாலே புது வரி வந்துவிடும். ஒரு குறை: இதில் சேமித்த ஓஎம்டபிள்யூஆட்ஆன் கோப்பு மாரோவிண்டின் பழைய எஞ்சினுக்குச் செல்லாது.

கிரியேஷன் கிட்: முகமும் குரலும் வேண்டுமென்றால்

இது விண்டோஸில் மட்டும். ஸ்டீமில் இலவசம். இங்கே அக்கா வெறும் வரி அல்ல: காலையில் ஏலக்கூடம், மதியம் சாப்பாடு, இரவு தூக்கம் என்று நடமாடுவார். எந்த நேரத்தில் என்ன செய்வார் என்று சொல்லும் ‘சாண்ட்பாக்ஸ்’ (ஓரிடத்தில் தானாக நடமாடுதல்), ‘ஸ்லீப்’ (தூக்கம்) பேக்கேஜ்களை வரிசைப்படுத்தினால் போதும். மேலே இருப்பதற்கு முன்னுரிமை என்பதால், நேரம் குறிக்காத பேக்கேஜ் கடைசியில்தான் வர வேண்டும்.

முகத்தைச் செதுக்கியதும் பட்டியலில் ஆளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஃப்4 அழுத்துங்கள், முகக் கோப்புகள் உருவாகும். அதை விட்டால் ஆட்டத்தில் உடம்பு ஒரு நிறமும் முகம் கரிய சாம்பலுமாக நிற்கும். ‘கருமுகக் கோளாறு’ என்று புகார் வரும் மாட்களில் பெரும்பாலும் இந்த ஒரு படிதான் விடுபட்டிருக்கும்.

குவெஸ்டைக் கட்டங்கள், நோக்கங்கள், அலையஸ்கள் என்று பிரித்துக் கட்ட வேண்டும். அலையஸ் என்பது குவெஸ்டில் ஓர் ஆளையோ பொருளையோ குறிக்கும் பெயர்ச்சீட்டு. அக்காவை ஒரு அலையஸில் வைத்து, கல் காணோம் என்று அவர் சொல்லும் உரையாடலின் இறுதியில் ‘கெட்ஓனிங்குவெஸ்ட்().செட்ஸ்டேஜ்(10)’ என்ற துணுக்கை, ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் மொழியான பபைரஸில் போடுகிறோம். அது கம்பைல் ஆகவில்லை என்றால் உங்கள் வரியைச் சந்தேகிக்கும் முன், டேட்டா கோப்புறையிலுள்ள ஸ்கிரிப்ட்ஸ் ஜிப்பைப் பிரித்தீர்களா என்று பாருங்கள்.

குழப்பத்தில் முதலிடம் எஸ்இகியூ கோப்புக்கு, அதாவது தொடக்கத்திலேயே ஓட வேண்டிய குவெஸ்டுகளைப் பட்டியலிடும் சின்னக் கோப்புக்கு. குவெஸ்ட் ஆட்டத் தொடக்கத்திலேயே ஓடும்படி குறித்திருந்தாலும், இந்தக் கோப்பு இல்லாவிட்டால் அக்காவிடம் பேசும் தேர்வு வராது. சேமித்து மறுபடி ஏற்றினால் வரும். செய்பவர் பத்து முறை ஏற்றிப் பார்ப்பதால் பிழை அவர் கண்ணில் படாது, பதிவிறக்கியவருக்குத்தான் படும். மாட் கோப்புகளைத் திருத்தும் எக்ஸ்எடிட் என்ற கருவியில் எஸ்இகியூ உருவாக்கும் தேர்வு இருக்கிறது, நிமிட வேலை. கூடவே, குவெஸ்டை மாற்றிய பிறகு பழைய சேமிப்பில் சோதிக்காதீர்கள். அலையஸும் ஸ்கிரிப்ட் மதிப்புகளும் அதில் உறைந்து கிடக்கும். அக்காவையே பார்க்காத ஒரு சுத்தமான சேமிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குரலில்தான் நிஜமான செலவு. ஏற்கெனவே உள்ள குரல் வகையை அக்காவுக்குக் கொடுத்தால் குவெஸ்ட் வரிகளைத் தமிழில் பேசுவார், ஆனால் பக்கத்தில் நடந்து போகும்போது ஸ்கைரிமின் பொது ஆங்கில வரிகளை உதிர்ப்பார். அந்த நொடியே கதாபாத்திரத்தின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்துவிடும். புதுக் குரல் வகை உருவாக்கினால் இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு வணக்கம், விடை, அடிபட்ட சத்தம், திருட்டைப் பார்த்த கூச்சல் என்று குவெஸ்டுக்கு வெளியே முப்பது வரியாவது பதிய வேண்டும். ஒரு மறுமொழிக்கு 150 எழுத்துதான் உச்சவரம்பு, நீண்ட பேச்சைத் துண்டாக்கியே எழுதுங்கள். ஒலிக்கோப்பே இல்லாத வரி படிக்கும் முன் ஓடிவிடும். சோதனைக் காலத்துக்கு ‘ஃபஸ் ரோ டோ’ என்ற மௌனக்குரல் மாட் தேவை.

பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ். சென்னை அடுக்ககத்தில் ஃபேன், ஃபிரிட்ஜ், காகம், ஹார்ன் நான்கும் எதிரி. இரவு பதினொன்றுக்கு மேல், ஃபேனை நிறுத்தி, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுங்கள். மே மாதத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஃபேனைப் போட்டுத்தான் ஆக வேண்டும். ரிச்சி தெருவில் மைக் வாங்கினால் கன்டென்சரை விட டைனமிக் மைக்கையே கேளுங்கள். சுற்றுச் சத்தத்தைக் குறைவாகவே இழுக்கும்.

பதிவுக்கு முன் ஒரு முடிவு: மாட் ‘இஎஸ்எல்’ என்ற இலகு கோப்பு வகையாக ஆகப் போகிறதா? இந்த இலகு வகை, 254 என்ற முழு மாட் வரம்பில் இடம் பிடிக்காது என்பதால் பலரும் கேட்பார்கள். ஆனால் அதற்காக மாட்டிலுள்ள ஒவ்வொரு ஆள், வரி, பொருளுக்கும் உரிய பதிவெண்களைச் சுருக்கும்போது அவை மாறும். குரல், முகக் கோப்புகளின் பெயர்கள் அந்த எண்களில்தான் தொங்குகின்றன. பிறகு சுருக்கினால் அக்கா ஊமையாகவும் கருமுகமாகவும் ஆகிவிடுவார். எண்களை முதலில் சுருக்கிவிட்டுக் குரலைப் பதியுங்கள்.

ரெட்கிட்: காட்சிக்கு

குவெஸ்டை வரைபடமாக, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்துக் கட்டலாம். உரையாடலை கேமரா, அசைவு, முகபாவம் சேர்த்து காலக்கோட்டில் அடுக்கலாம். அக்கா கல்லைத் தூக்கிக் காட்டும் ஷாட் வேண்டுமென்றால் இதுதான் இடம். விலை, ஒவ்வொரு வரிக்கும் அந்த அடுக்கும் வேலை. ஆளை எங்கே, எந்த நேரத்தில் நிற்க வைப்பது என்பதைக் கம்யூனிட்டி கோப்பு சொல்லும். அதைக் குவெஸ்ட் வரைபடத்தில் இயக்கிவிட மறந்தால் துறைமுகம் காலியாக இருக்கும். எஸ்எஸ்டியில் தாராளமாக இடம் ஒதுக்குங்கள்.

கதைக்குப் பெரிய தடை நாயகன். ஆட்டக்காரர் பெரும்பாலும் ஜெரால்ட்தான், அவருக்கு ஊரறிந்த குரல் உண்டு. அக்கா தமிழில் கேட்க, அவர் என்ன மொழியில் பதில் சொல்வார்? பழைய வரிகளை வெட்டி ஒட்டலாம், அல்லது மௌனமாக்கலாம். நடிகரின் சம்மதமில்லாமல் குரலை நகலெடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஸ்கைரிமிலும் மாரோவிண்டிலும் நாயகனுக்கு உரையாடலில் குரலே இல்லாததால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

தனி ஆளாகத் தொடங்குபவர் ராஜாத்தியக்காவை ஓப்பன்எம்டபிள்யூவில் இரண்டு முடிவுகளோடும் முடித்து, வேறொருவரை ஆடச் சொல்லிப் பார்க்கட்டும். பேச ஒருவரும் முகம் செதுக்க ஒருவரும் கிடைத்தபின் அதே ஜர்னல் எண்களைக் கட்ட எண்களாக வைத்துக் கிரியேஷன் கிட்டில் மறுபடி கட்டலாம். 10, 20, 100, 110 அப்படியே பொருந்தும். ரெட்கிட்டைக் காட்சி அமைக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் சேரும்வரை தொட வேண்டாம்.