ஜேடின் முதல் தனி ஆல்பம்: காலை ஐந்தரை மணிக்கு வான் வண்டியில் கேட்டது

சீடி வந்து சேர்ந்தபோது பெட்டியின் ஒரு மூலை வெடித்திருந்தது. வெளியாகும் அன்றே கைக்கு வந்துவிடும் என்று சொல்லித்தான் முன்கூட்டியே காசு வாங்கினார்கள். வந்தது ஐந்து நாள் பிந்தி, அதுவும் இந்தக் கோலத்தில். திருப்பி அனுப்புவோமா என்று யோசித்தேன். தட்டில் கீறல் இல்லை, பெட்டிதானே என்று விட்டுவிட்டேன். மகளிடம் சொன்னால், "இப்ப ஆரப்பா சீடி வாங்கிறது?" என்று சிரிக்கிறாள். நான் வாங்குகிறேன். என் பழைய வானில் சீடி போடுகிற வாய் இருக்கிறது, அதற்கும் தீனி வேண்டும்.

ஆல்பத்தின் பெயர் 'தட்ஸ் ஷோபிஸ் பேபி!'. பாடியவர் லிட்டில் மிக்ஸ் என்கிற பெண்கள் பாட்டுக்குழுவில் இருந்த ஜேட் தர்ல்வால். இப்போது வெறும் ஜேட். வெளியானது 2025 செப்டம்பர் 12. மொத்தம் 14 பாட்டு.

நான் சங்கீதம் படித்தவன் இல்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் சவுத் ஷீல்ட்ஸில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பால், பாண், சிகரெட், லொத்தர் சீட்டு. காலை ஆறரைக்குத் திறந்தால் இரவு ஒன்பது வரை கல்லாவுக்குப் பின்னால் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். விரும்பிக் கேட்பது வேறு, காதில் விழுந்துகொண்டே இருப்பது வேறு. இரண்டாவது வகையில் எனக்கு நல்ல அனுபவம். அதோடு ஜேட் இந்த ஊர்ப் பிள்ளை. டைன் ஆறு கடலில் விழுகிற இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு யேமன் நாட்டுக் கப்பல் தொழிலாளர்கள் வந்து குடியேறி நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவர்கள் தொழுகிற லேகேட் பள்ளிவாசலுக்கு 1977இல் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியே வந்து, தன் கல்யாணத்துக்கு ஆசி வாங்கிப் போனார். ஜேடின் தாய்வழியில் யேமனும் எகிப்தும் இருக்கின்றன. எங்கிருந்தோ வந்து இங்கே ஒட்டிக்கொண்ட குடும்பத்துப் பிள்ளை என்பதில் எனக்கு ஒரு தனிக் கரிசனை. மதிப்புரையில் அதை மறைக்கப் போவதில்லை.

2011இல் என் மகளுக்கு எட்டு வயது. சனிக்கிழமை இரவு எக்ஸ் ஃபேக்டர் என்கிற ரீவிப் பாட்டுப்போட்டி பார்க்காமல் சாப்பிட மாட்டாள். ஜேட் அந்த நிகழ்ச்சிக்கு முதலில் போனது 2008இல், பதினைந்து வயதில். ஆகவில்லை. 2010இல் மறுபடியும் போனார், அப்போதும் ஆகவில்லை. மூன்றாவது முறை 2011இல். அந்த வருடமும் தனியாகப் பாடத்தான் வந்தார். நடுவர்கள் அவரை ஒரு குழுவில் சேர்த்தார்கள், அந்தக் குழு தோற்றது. இன்னொரு குழுவும் தோற்றது. பிறகு இரண்டிலிருந்தும் இரண்டு இரண்டு பேரை எடுத்து நாலு பேராக்கினார்கள். ஜேட், பெரி, லீ-ஆன், ஜெஸி. முதலில் வைத்த பெயர் ரிதமிக்ஸ். பிறைட்டனில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிற ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்ததால் லிட்டில் மிக்ஸ் என்று மாற்றினார்கள். டிசம்பர் 11ஆம் தேதி வென்றார்கள். பிரிட்டனில் அந்தப் போட்டியைக் குழுவாக வென்றது அவர்கள்தான் முதல். நாலில் இரண்டு பேர், ஜேடும் பெரியும், இந்த ஊர். அன்று இரவு எங்கள் தெருவில் கேட்ட கூச்சல் உதைபந்தாட்டத்துக்குக்கூடக் கேட்டதில்லை. அடுத்த மாதம் ரெலிபோன் பில் வந்தபோது என் வீட்டில் இன்னொரு கூச்சல். வாக்குப் போட்டது யார் என்று மகளைக் கேட்டால் தாயைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த நாலு குரலும் கல்லாவுக்குப் பின்னால்தான் இருந்தன. முகம் தெரியாமலே ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். உச்சியில் ஏறி நின்று நீட்டினால் பெரி. கொஞ்சம் கரகரப்பாக, கீழிருந்து வந்தால் ஜெஸி. சொல்லைச் சுழற்றி, தாளத்தில் சாய்ந்து பாடினால் லீ-ஆன். ஜேடைக் கண்டுபிடிக்கத்தான் நாளெடுத்தது. அவருடைய குரல் மற்றக் குரல்களுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழம்பில் தேங்காய்ப்பால் மாதிரி, விடாவிட்டால்தான் தெரியும். மூன்று நிமிடப் பாட்டை நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம். பத்து வருடம் நான் ஜேடைக் கேட்டது அரை அரை நிமிடமாகத்தான்.

2020 டிசம்பரில் ஜெஸி விலகினார். அடுத்த வருடம் மிச்ச மூன்று பேரும் பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட் விருதில் சிறந்த பிரிட்டிஷ் குழு என்ற பரிசை வாங்கினார்கள். பெண்கள் குழு ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. 2022 மே மாதம் லண்டனில் கடைசிக் கச்சேரியைப் பாடிவிட்டு, ஓய்வு என்று நிறுத்திக்கொண்டார்கள். மற்ற மூவரும் ஒவ்வொருவராகத் தனிப்பாட்டுப் போட்டார்கள். ஜேட் கடைசி ஆள்.

2024 ஜூலை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கடையில் ஒரு வயதான அம்மா லொத்தர் சீட்டுக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஒரு பழைய பாட்டின் துண்டு, ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. அம்மா எண்ணை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். 1967இல் வியன்னாவில் நடந்த யூரோவிஷன் என்கிற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் சான்டி ஷா செருப்பில்லாமல் மேடையேறிப் பாடி வென்ற 'பப்பெட் ஆன் எ ஸ்ட்ரிங்'. பிரிட்டனுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் வெற்றி. "சத்தத்தைக் கூட்டிவை, பெட்" என்றார். 'பெட்' என்றால் செல்லம். இந்த ஊரில் கடைக்காரனும் 'பெட்'தான், பேரப்பிள்ளையும் 'பெட்'தான். கூட்டிவைத்தேன். அடுத்த நொடி பாட்டு அவரைக் கைவிட்டுவிட்டது. முதலில் கோயில் மணி மாதிரி ஒரு பெரிய பல்லவி, உச்சஸ்தாயியில். பிறகு தடாலென்று கீழே விழுந்து, இயந்திரத் தாளத்தில் பேச்சும் ஏச்சுமாக ஒரு சரணம். திரும்பவும் பல்லவி. அம்மா முகத்தைச் சுளித்து, "இதென்ன மூன்று பாட்டை ஒன்றாகப் போட்டு அரைத்திருக்கிறார்கள்" என்றார். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும், "ஓ, எங்கட ஜேடா? அப்ப நல்ல பாட்டுத்தான்" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த 'ஏஞ்சல் ஒஃப் மை ட்ரீம்ஸ்' தான் ஆல்பத்தின் முதல் பாட்டு. கேட்கும்போது காதல் பாட்டுப்போல இருக்கும். அந்தத் தேவதை காதலன் இல்லை, பாட்டுத்தொழில். கிட்ட வா என்று கெஞ்சுகிறார், அடுத்த வரியில் திட்டுகிறார். ஆன்மாவை ஒரு பைத்தியத்திடம் விற்றதாக ஒரு வரி வருகிறது. அங்கே அவர் போட்டிருக்கிற ஆங்கிலச் சொல்லும், போட்டியில் வென்றவர்களை ஒப்பந்தம் செய்த சைக்கோ என்கிற ரெக்கோட் கம்பெனியின் பெயரும் காதுக்கு ஒன்றே. நூலில் ஆடும் பொம்மையைப் பற்றிய பழைய பாட்டை எடுத்து அதன் மேல் இதைக் கட்டியது சும்மா அழகுக்காக இல்லை. பதினெட்டு வயதில் நூல் கட்டப்பட்டவர் முப்பத்தொரு வயதில் அதை அவிழ்த்துக் காட்டுகிறார்.

நான் சரக்கெடுக்க வாரம் இரண்டு நாள் கேட்ஸ்ஹெட்டில் உள்ள டீம் வலி என்கிற இடத்துக்குப் போவேன். ஐந்தரைக்கு வானை எடுத்தால் போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். இந்த ஆல்பத்தை அதற்கென்றே அளந்து செய்த மாதிரி இருக்கிறது. போகும்போது முதல் ஏழு பாட்டு, தண்ணீர்ப் போத்தலும் சிப்ஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு வரும்போது மிச்சம். மூன்று வாரம் இப்படிக் கேட்டேன்.

போகிற வழி அருமை. இரண்டாவது பாட்டு 'இட் கேர்ள்' முதல் பாட்டின் கோபத்தை இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துச் சொல்கிறது. மூன்றாவது பாட்டுக்கு வெறும் நாலு ஆங்கில எழுத்துத்தான் பெயர். அதன் விரிவு என்ன என்று மகளிடம் ரெலிபோனில் கேட்டேன். "அப்பா, அதை மட்டும் கேளாதேங்கோ" என்றாள். பிறகு நானே கண்டுபிடித்துவிட்டேன். காதலனோடு சண்டை, இப்போதைக்கு நாசமாய்ப் போ, நாளைக்குப் பார்ப்போம் என்பதன் கொஞ்சம் காரமான வடிவம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கடையில் போட்டுவிடாதீர்கள் என்பது சக கடைக்காரர்களுக்கு என் ஆலோசனை. ரேடியோவில் வருவது கழுவித் துடைத்த வடிவம், சீடியில் இருப்பது அப்படியே.

நாலாவது பாட்டு 'பிளாஸ்டிக் பொக்ஸ்'. இதற்காகவே சீடிக்குக் கொடுத்த காசு தகும். காதலனுக்குத் தனக்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருந்தது, அவன் வேறு யாரையோ நேசித்திருக்கிறான் என்பது இவருக்குப் பொறுக்கவில்லை. நியாயமில்லாத பொறாமை என்று தெரிந்தே பொறாமைப்படுகிறார். யார் கையும் படாமல் பெட்டியில் சீல் வைத்த மனசு ஒன்று கிடைக்காதா என்கிறார். தாளம் சீராக ஓடுகிறது, மேலே குரல் கிட்டத்தட்டக் கிசுகிசுக்கிறது. குழுவில் பத்து வருடம் இடையில் ஒளிந்திருந்த அந்தத் தேங்காய்ப்பால் குரல் இங்கேதான் முதன்முதலாகத் தனியாக, கலப்பில்லாமல், முழு நீளத்துக்குக் கேட்கிறது. ஹெவர்த் பக்கம் சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் வந்தவர் ஹோர்ன் அடிக்கும் வரை விளக்கு மாறியதை நான் கவனிக்கவில்லை.

'அன்கொண்டிஷனல்' தாயைப் பற்றியது. அவருக்கு லூபஸ் என்கிற நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது. இப்படி ஒரு விஷயத்தை எடுத்தால் யாரும் பியானோவை முன்னால் வைத்து அழவைப்பார்கள். இவர் டிஸ்கோ போடுகிறார். தாளம் ஏற ஏற, இது ஆடவா அழவா என்று தெரியாமல் ஸ்டியரிங்கில் விரல் தட்டுகிறது. சாவீட்டுப் பறை கேட்டு வளர்ந்த எனக்கு இது புதிதில்லை. துக்கத்துக்கு அடியும் வேண்டும்.

திரும்பி வரும் வழிதான் கொஞ்சம் இழுக்கிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் மோசமில்லை. அடுத்தடுத்துக் கேட்டால் பிரச்சினை. 'ஹெடேக்' என்று ஒரு பாட்டு. நான் உனக்குத் தலையிடி கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறது, சொன்னபடி கொடுக்கவும் கொடுக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் தாளம் மாறும், உடுப்பு மாறும், ஆள் மாறும். மூன்றாவது வாரம் காரணம் பிடிபட்டது. இவர் இன்னும் குழுவில்தான் பாடிக்கொண்டிருக்கிறார். அரை நிமிடம் ஆனதும் மைக்கை அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுகிறார். அந்த அடுத்த ஆளும் அவரே. முதல் பாட்டில் அது அதிசயம். பத்தாவது பாட்டில், பிள்ளை, ஒரு இடத்தில் இரு என்று சொல்லத் தோன்றுகிறது.

பதின்மூன்றாவது பாட்டு சுப்ரீம்ஸ் குழுவின் 1965ஆம் வருடப் பாட்டு ஒன்றைக் கடன் வாங்குகிறது. அதுவும் பெண்கள் குழு. அதிலிருந்து பிரிந்து தனியாகப் போன டயானா ராஸ் எத்தனை உயரம் போனார் என்பது தெரிந்த கதை. கடன் வாங்கிய இடம் கெட்டிக்காரத்தனம். ஆனால் பாட்டு பழைய பல்லவியின் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது, இறங்கவில்லை.

பெரியின் தனி ஆல்பமும் அதே செப்டம்பரில் வந்தது. சின்ன ஊர், இரண்டு பிள்ளைகள், ஒரே மாதம். கடையில் கட்சி பிரிந்துவிட்டது. குரலின் பலத்துக்குப் பெரி, துணிச்சலுக்கு ஜேட் என்பது என் தீர்ப்பு. பெரி கட்சிக்காரர்கள் சிலர் என் கடையில்தான் தினமும் பால் வாங்குகிறார்கள், அதனால் இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

வாங்கலாமா என்று கேட்டால், பழைய லிட்டில் மிக்ஸ் பாட்டு மாதிரி எதிர்பார்ப்பவர்கள் முதலில் ரேடியோவிலேயே ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் வாங்கலாம். ஐந்துக்கு நாலு போடுவேன், முதல் பாதிக்கு மட்டும் என்றால் நாலரை. ஓட்டத்தில் கேட்க ஏற்றது, படுக்கப்போகும் முன் வேண்டாம். பெட்டியைப் பத்திரமாகக் கட்டி அனுப்புகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

போன கிழமை மகள் மான்செஸ்டரிலிருந்து வந்து இரண்டு நாள் நின்றாள். போகும்போது வெடித்த பெட்டியை மேசையில் கண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இரவு ரெலிபோன். "அப்பா, உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லை."

"அது வானுக்குள்ள கிடக்கு" என்றேன். "கேக்க வேணுமெண்டா விடிய அஞ்சரைக்கு எழும்பி வா."