650 வாட் எஸ்.எம்.பி.எஸ்., பாளையங்கோட்டை வெயில்: சில வருட அனுபவம்

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 5600 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராஃபிக்ஸ் கார்டு. இதற்குப் போட்ட எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி, கோர்செர் சி.எக்ஸ். 650. கரண்டை வீணாக்காமல் மாற்றுவதற்குக் கொடுக்கிற 80 பிளஸ் சான்றில் அது பிரான்ஸ் தரம். அப்புறம் 3060-ஐ சித்தப்பா மகனிடம் தள்ளிவிட்டு 4070-க்கு மாறினேன், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் அதேதான் ஓடுகிறது. ஒவ்வொரு கோடைக்கும் பாளையங்கோட்டையில் அடிக்கிற வெயில், ஆடிக் காற்று, பராமரிப்பு என்று சொல்லி காலையில் போய் சாயங்காலம் வருகிற கரண்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. ஒரு தடவைகூட விளையாட்டு நடுவில் மெஷின் அணைந்ததில்லை.

"எத்தனை வாட் வாங்கணும்?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கணக்கு லேசானதுதான். 3060 தின்பது 170 வாட், 5600-க்குத் தாராளமாக 88 வாட், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50 வைத்துக்கொள்ளுங்கள். 310-க்குள் முடிந்துவிடும். சுவர் பிளக்கில் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்தபோது கேம் ஓடுகையில் 270 பக்கம்தான் காட்டியது. ஆனால் கார்டு கம்பெனி என்விடியா 3060-க்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்கிறது. ஏன் இவ்வளவு இடைவெளி என்றால், கார்டு சீராக இழுப்பதில்லை, கண் இமைக்கிறதைவிடப் பலமடங்கு சின்ன நேரத்துக்குத் திடீரென்று எகிறும். மீட்டரில் அது தெரியாது, எஸ்.எம்.பி.எஸ்.-க்குத் தெரியும், தாங்காவிட்டால் பொட்டென்று அணைந்துவிடும். 3080 வந்த சமயத்தில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வைத்திருந்தவர்களே இதில் மாட்டினார்கள். எஸ்.எம்.பி.எஸ். செய்கிறவர்களுக்காக 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதியில் 100 மைக்ரோ நொடி அளவுக்கு இரண்டு மடங்கு எகிறலைத் தாங்க வேண்டும் என்று எழுதியதே இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு: நாம் எந்தக் கடையில் எந்தப் பெட்டியை வாங்கிப் போடுவோம் என்று கார்டு கம்பெனிக்குத் தெரியாதே.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஜங்ஷன் பக்கம் ஒரு கடை அண்ணாச்சி, "தம்பி, கேபினட்டோட சேந்து வார 500 வாட்டே போதும், ஊர்ல எல்லாரும் அதத்தான் போடுதாவ" என்றார். சரி, காட்டுங்க என்று கையில் வாங்கிப் பார்த்தால் தூக்கவே கனமில்லை. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 500 என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கார்டும் குடிப்பது முழுக்க இந்த 12 வோல்ட் லைனில்தான், 3.3-ம் 5-ம் சும்மா பேருக்கு. என்னுடையதில் 12 வோல்ட்டுக்கு 54 ஆம்பியர், அதாவது 648 வாட். கடையில் நின்றுகொண்டே போனில் பெருக்கிப் பாருங்கள், விற்கிறவர் முகமே சொல்லிவிடும்.

பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது பழைய காலத்து டிசைன், கரண்டைச் சீராக இழுக்க வைக்கிற ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சர்க்யூட் கிடையாது. லோ வோல்ட்டேஜ் என்று யாராவது சின்னப் பையன் அதை 115-க்குத் தள்ளினால் வெடிச் சத்தம் கேட்கும். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ளது பெரும்பாலும் 100-இலிருந்து 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் சாயங்காலம் நாலு வீட்டு போர் மோட்டாரும் ஒன்றாக ஓடினால் ட்யூப் லைட் கண் சிமிட்டும், ஃபேன் சோர்ந்துபோகும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆவதில்லை. தனியாக ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார்கள், வாங்கவில்லை, இன்றுவரை தேவைப்படவில்லை.

வெயில் விஷயத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. 80 பிளஸ் சோதனை நடப்பது 23 டிகிரி பக்கத்தில். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் 23 டிகிரிக்கு நாம் எங்கே போவது? சூடு ஏற ஏற எஸ்.எம்.பி.எஸ். தரக்கூடிய வாட் குறையும், உள்ளே கெப்பாசிட்டர் ஆயுசும் குறையும். எந்தச் சூட்டில் இந்த வாட் என்பதை நல்ல கம்பெனிகள் 40 அல்லது 50 டிகிரி என்று எழுதியே வைத்திருப்பார்கள், எழுதாதவனிடம் ஜாக்கிரதை. பாதிச் சுமையில் ஓடுகிற மாதிரி வாங்கினால் அதன் ஃபேனும் சத்தம் போடாது. கேபினட்டுக்கு அடியில் இருக்கிற வலையைத்தான் நான் கவனிப்பேன். ஆனியில் காற்று ஆரம்பித்துவிட்டால் ஜன்னல் மூடியிருந்தாலும் செம்மண் தூசி படிந்து, வலை முழுக்க ஒரு பழுப்புத் துணி விரித்த மாதிரி ஆகிவிடும், உரித்தெடுத்தால் அப்படியே கையோடு வரும். பெயின்ட் பிரஷ் போதும்.

யு.பி.எஸ்.-இல் பலர் ஏமாறுகிறார்கள். அட்டைப்பெட்டியில் 600 என்று இருப்பது வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) கணக்கு, பெரும்பாலும் அது 360 வாட்தான். 4070 ஓடும்போது சுவரில் 300-ஐ ஒட்டி வரும், மானிட்டர் வேறு, கரண்ட் போன நொடியே யு.பி.எஸ். கத்திவிட்டுப் படுத்துவிடும். 1100 வி.ஏ. எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் பின்னால் யு.பி.எஸ். மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கரண்ட் அறுந்தால் எஸ்.எம்.பி.எஸ். மூச்சுப் பிடிப்பது 16, 17 மில்லி நொடிதான், சாதா மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எங்களுடையது பழைய வீடு. வெறுங்காலோடு தரையில் நின்று கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஒரு இழுப்பு இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். கோளாறு என்று கழற்றி மாற்றச் சொன்னார்கள். அதில் கோளாறே இல்லை. ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு உள்ளே சின்னக் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும், இல்லையென்றால் கேபினட்டே கிட்டத்தட்ட பாதி வோல்ட்டேஜில் நிற்கும். ஒயர்மேனைக் கூப்பிட்டு கொல்லையில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் அடித்த பிறகு அந்தச் சுருக்கு நின்றது. பிரான்ஸைவிட மேல்தரமான கோல்டு எஸ்.எம்.பி.எஸ்.-க்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசை இதில் போடலாம் என்பது என் கட்சி. பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் சுமார் 5 சதவீதம் வித்தியாசம், எனக்கு அது 13 வாட், தினம் நாலு மணி நேரம் ஆடினால் வருஷத்துக்கு 19 யூனிட். அந்த மிச்சத்தில் ஒன்றும் கட்டுபடியாகாது.

4070-க்கு 200 வாட், என்விடியா சொல்வது 650, என்னுடைய கார்டு ஒரே எட்டு பின் கேபிளில் ஓடுவது, அதனால் எதையும் மாற்றவில்லை. 5070 டி.ஐ. என்றால் 300 வாட், 750 கேட்கிறார்கள், அதற்கு இது போதாது, ஏ.டி.எக்ஸ். 3-இல் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். சித்தப்பா மகன் தன் பழைய மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை) எஸ்.எம்.பி.எஸ்.-இன் கேபிளை வேறு கம்பெனிப் பெட்டியில் மாட்டப் பார்த்தான். "ஏல, கைய எடு" என்று தடுத்தேன். இந்தப் பக்கம் முனை ஒன்றுபோல இருந்தாலும் பெட்டிப் பக்கத்துப் பின் வரிசை ஆளுக்கொரு மாதிரி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்டு டிஸ்க் கருகிவிடும். பெட்டியோடு வந்த கேபிளை மட்டும் போடுங்கள்.