சுகர் இருக்கவங்க மெடிக்கல்ல வலிக்கு "செட் மாத்திரை" வாங்காதீங்க, எங்க சித்திக்கு நடந்தது இது

பாம்பன் பக்கம் கடல்ல முங்கி பாசி எடுக்குறவங்க எங்க சித்தி. வருசக்கணக்கா சுகர், கூட பிரஷரும். முட்டி வலி தாங்க முடியலன்னு மெடிக்கல்ல போய் கேட்டுருக்காங்க, அங்க அட்டைய கத்திரிக்கோலால வெட்டி பேப்பர் கவர்ல போட்டு காலைல ஒரு செட்டு ராத்திரி ஒரு செட்டுன்னு குடுத்து விட்டுருக்காங்க. சுகர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல! வலி சட்டுனு நின்னுருச்சு, அதனால மாசக்கணக்கா அதையே வாங்கி தின்னுருக்காங்க.

அப்புறம் கால் வீங்கி, முகம் ஊதி, ஒண்ணுக்கு சரியா போகாம, சோத்த பாத்தாலே குமட்டல். ராம்நாட்டுக்கு கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்தா கிரியாட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறும்) 4க்கு மேல, பொம்பளைங்களுக்கு 1ஐ ஒட்டித்தான் இருக்கணுமாம். வெட்டுன அட்டையில இருந்த பாதி எழுத்த வச்சே டாக்டர் கண்டுபிடிச்சுட்டார், ஒண்ணு டைக்ளோஃபினாக்ங்குற வலி மாத்திரை, இன்னொண்ணு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சுகரையும் ஏத்தி விட்டுரும்.

டாக்டர் சொன்னது இதான். கிட்னிக்கு ரத்தம் கொண்டு போற சின்ன குழாய விரிச்சு வைக்கிறது உடம்புலயே உருவாகுற புரோஸ்டாகிளாண்டின்ங்குற பொருள், வலி மாத்திரை அது உருவாகாம தடுத்துத்தான் வலிய அடக்குது. நல்ல கிட்னி கொஞ்ச நாள் சமாளிச்சுக்கும், சுகர்ல ஏற்கனவே அடிபட்ட கிட்னியால முடியாது. அதோட எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் மாதிரி பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்து, வெயில்ல தண்ணி குடிக்காம கடல்லயே கெடந்தா ரொம்ப சீக்கிரம் கிட்னி படுத்துரும். அதுக்காக பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க, நிறுத்த வேண்டியது வலி மாத்திரை.

அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் எல்லாம் இதே கூட்டம்தான், வயித்துக்கு நல்லதுன்னு குடுக்குற எடோரிகாக்சிப்பும் கிட்னிக்கு ஒண்ணுதான், ஊசியா போட்டாலும் அப்படித்தான். வலிக்கு டாக்டர் சொல்ற அளவுல பாராசிட்டமால் இருக்கு. வருசத்துக்கு ஒருக்கா கிரியாட்டினினும் யூரின்ல ஆல்புமின்ங்குற புரதம் போகுதான்னும் பாருங்க, வீட்ல பெரியவங்க இருந்தா கையப் புடிச்சு கூட்டிட்டுப் போங்க.

சித்திக்கு கிரியாட்டினின் கொஞ்சம் கொறஞ்சுருக்கு, ஆனா கிட்னி பழைய நிலைக்கு வருமான்னு இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாங்க. கடையில போய் கேட்டா "எல்லாருக்கும் இதான் குடுக்குறோம்"ங்குறாங்க, பில்லும் கிடையாது. டைக்ளோஃபினாக்க டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது. மருந்து ஆய்வாளருக்கு புகார் எழுதிட்டு இருக்கோம், உங்க வீட்லயும் இப்படி பேரில்லாத கவர் கெடந்தா தூக்கிப் போட்டுராம எடுத்து வைங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க.