பிள்ளைகளோடு குரூஸ்: ஒரு கேபினா, இரண்டா? சிங்கப்பூரா, மயாமியா?

கொழும்பிலிருந்து குரூஸ் போக நினைக்கிற எவரும் முதலில் கேட்பது "எவ்வளவு முடியும்?" என்றுதான். பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் அந்தக் கேள்வியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளுங்கள். கப்பல் எந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது, புறப்படுகிற நாளில் வீட்டில் யாருக்கு எத்தனை வயது, இந்த இரண்டும் தெரிந்தால்தான் எத்தனை கேபின் எடுக்க வேண்டும், யாரை யாரோடு போடலாம் என்பதே தெரியவரும். அது தெரியாமல் பார்க்கிற விலை வெறும் விளம்பர விலை.

நம் ஆட்களுக்கு நடைமுறையில் இருக்கிற தெரிவுகள் அதிகமில்லை. கட்டுநாயக்கவிலிருந்து ஒரே விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே ஏறுவது ஒன்று. ரோயல் கரீபியன், ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸின் ஜென்டிங் ட்ரீம், இப்போது டிஸ்னி அட்வென்ச்சர் எல்லாம் அந்தப் பக்கம். ரொறன்ரோவில் இருக்கிற மாமா, சித்தி குடும்பங்களோடு சேர்ந்து மயாமியிலிருந்து கரீபியன் போவது இன்னொன்று. அங்கே ரோயல் கரீபியனும் கார்னிவலும்தான் பெரும்பாலும் பேச்சில் அடிபடும். லண்டன் சொந்தங்கள் என்றால் எம்.எஸ்.சி. குரூஸ் கம்பனியில் மத்தியதரைக் கடல். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்த கோர்டேலியா கம்பனியின் எம்பிரஸ் கப்பலை இதில் சேர்க்கவில்லை. நம் கரைக்கு வந்தாலும் அது இந்தியப் பயணிகளை நினைத்துப் போட்ட பாதை.

ரோயல் கரீபியனையே முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் ஒரே கம்பனிக்குள் இரண்டு சட்டம் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பலில் ஒவ்வொரு கேபினிலும் 21 வயது நிறைந்த ஒருவர் இருக்க வேண்டும். ஆசியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டால் அந்த வயது 18. மூன்று வயது வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் ஏ.எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கும் கெம்பஸுக்கும் காத்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் சரியாக அந்த 18க்கும் 20க்கும் நடுவில்தான் இருக்கிறார்கள், வீட்டோடு சேர்ந்து நீண்ட பயணம் போகவும் அந்த இடைவெளிதான் வசதி.

வெள்ளவத்தையில் ஒரு வீடு என்று வையுங்கள். அப்பா, அம்மா, ஏ.எல் முடித்த 19 வயது மகன், ஓ.எல் எழுதிய 16 வயது மகள். சிங்கப்பூரில் ஏறினால் மகன் பெரியவர் கணக்கு. அண்ணனும் தங்கையும் ஒரு கேபின், அப்பாவும் அம்மாவும் வேறொரு கேபின் என்று எடுக்கலாம். இரண்டும் பக்கத்தில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். இதே நாலு பேர் மயாமியில் ஏறினால் 19 வயது மகனும் கேபின் கணக்கில் சின்னப் பிள்ளைதான். பிள்ளைகள் இருவருக்கும் தனிக் கேபின் கிடைப்பது ஒரு விதிவிலக்கில்: பெற்றோரின் கேபின் அடுத்த கதவாகவோ, உள்ளே கதவு வைத்து இணைத்ததாகவோ, நடைபாதைக்கு நேர் எதிராகவோ இருக்க வேண்டும். வயதை எண்ணுவது கப்பல் புறப்படுகிற நாளில். இரண்டாவது நாள் நடுக்கடலில் 21 ஆகப்போகிற பிள்ளையும் அன்று 20தான்.

அந்த "நேர் எதிர்" என்ற வசதியைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோருக்குப் பால்கனி கேபின், எதிரே ஜன்னல் இல்லாத உட்புறக் கேபின் பிள்ளைகளுக்கு. இரண்டு பால்கனி எடுப்பதைவிடச் செலவு குறையும், பதின்ம வயதுப் பிள்ளைகள் எப்படியும் கேபினில் தூங்க மட்டும்தான் வருவார்கள், சின்னவர்கள் பால்கனிக் கம்பியில் ஏறுவார்களோ என்ற பயமும் இல்லை.

கார்னிவலில் கதை வேறு. 21க்குக் குறைந்தவர்களோடு வருகிற உறவினர் அல்லது பாதுகாவலருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். கேபின் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதும் பிள்ளையின் வயதைப் பொறுத்தது, சின்னவர்கள் கிட்டே, வளர்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளி. பெற்றோர் இருவரும் கூட வருகிற வீட்டுக்கு இந்த 25 ஒரு பொருட்டே இல்லை. இடறுவது எங்கே என்றால், கொழும்பிலிருந்து அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசா கிடைக்காமல், பிள்ளைக்கு மட்டும் கிடைத்து, "பரவாயில்லை, ரொறன்ரோ அண்ணா கூட்டிக்கொண்டு போவான்" என்று முடிவெடுக்கிற வீட்டில். அந்த அண்ணாவுக்கு 22 என்றால் ரோயல் கரீபியனில் பெற்றோரின் கடிதத்தோடு அவரே பெரியவராக நிற்கலாம், கார்னிவலில் முடியாது. அப்படிப்பட்ட பயணத்துக்கு விலையைப் பார்த்துக் கார்னிவலைத் தெரிவு செய்வதில் அர்த்தமே இல்லை.

ஜென்டிங் ட்ரீம் 2022 ஜூனிலிருந்து சிங்கப்பூரில் ஓடுகிறது, பெரும்பாலும் சில இரவுப் பயணங்கள். அங்கேயும் 18க்குக் கீழானவர்கள் தனியாக ஏற முடியாது. ஆசியக் குடும்பங்களை நினைத்து அமைத்த கப்பல் என்பதால் சாப்பாட்டில் நம் வாய்க்குப் பிடித்தது கிடைக்கும், தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. டிஸ்னி அட்வென்ச்சர் சிங்கப்பூரைத் தளமாக வைத்து 3 அல்லது 4 இரவுகள் போகிறது, வேறு துறைமுகம் எதையும் தொடுவதில்லை. இது குறை என்று சிலர் சொல்வார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற நமக்கு இதுதான் பெரிய நிறை, ஏனென்றால் சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, ஆனால் பினாங்கையும் போர்ட் கிளாங்கையும் தொடுகிற கப்பல் என்றால் மலேசிய இ-விசாவை வீட்டில் உள்ள எல்லோருக்கும் எடுக்க வேண்டிவரும், கைக்குழந்தைக்கும் சேர்த்து.

கைக்குழந்தை என்றதும் ஒன்று. ரோயல் கரீபியனில் புறப்படும் நாளில் குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். சமுத்திரத்தைக் கடக்கிற பயணங்கள், தொடர்ந்து மூன்று நாளோ கூடவோ கரை தொடாத பயணங்கள் என்றால் 12 மாதம். டிஸ்னியிலும் பெரும்பாலான பயணங்களுக்கு 6 மாதம்தான். ஆனால் ஏற விடுவது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. டிஸ்னியில் 6 மாதக் குழந்தையையும் காசு கட்டி நர்சரியில் விடலாம். கார்னிவலின் சிறுவர் பகுதி 2 வயதில் தொடங்கும். ரோயல் கரீபியனின் இலவசச் சிறுவர் பகுதிக்கு 3 வயதாகி, டயபர் விட்டிருக்கவும் வேண்டும், டயபர் கட்டிய குழந்தையைப் பெரிய நீச்சல் குளத்திலும் இறக்க விடமாட்டார்கள். இரண்டு வயதுப் பிள்ளையோடு ரோயல் கரீபியன் போனால், காசு கட்டி விடுகிற நர்சரி இல்லாத கப்பலில் பயணம் முழுவதும் அப்பாவோ அம்மாவோ முறை வைத்துக் காவல் இருக்க வேண்டியதுதான்.

இப்போது காசுக்கு வருவோம். குரூஸ் கட்டணம் தலைக்கு. ஒரு கேபினில் முதல் இரண்டு பேருக்கு முழுக்கட்டணம், அவர்கள் பெரியவரா குழந்தையா என்று பார்ப்பதில்லை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குத்தான் குறையும். "பிள்ளைகளுக்கு இலவசம்" என்று விளம்பரம் வருகிறதே, அதன் சூட்சுமம் இங்கேதான். எம்.எஸ்.சி.யில் பல பயணங்களில் இரண்டு பெரியவர்களோடு ஒரே கேபினில் தங்குகிற பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, துறைமுகக் கட்டணமும் வரிகளும் மட்டும். ரோயல் கரீபியனும் தெரிவுசெய்த பயணங்களில் 12 வயது வரை இப்படிக் கொடுக்கிறது. இரண்டுமே மூன்றாவது, நான்காவது கட்டிலுக்குத்தான். நீங்கள் வசதிக்காக இரண்டு கேபின் எடுத்து அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை என்று பிரித்தீர்களோ, இலவசம் போய்விட்டது, நாலு பேரும் முழுக்கட்டணம். தனியாக ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகிற அம்மாவுக்கும் அதே கதிதான், ஐந்து வயதுப் பிள்ளை இரண்டாவது பெரியவராக எண்ணப்படும்.

அதற்காக ஒரே கேபின்தான் எப்போதும் மலிவு என்றும் சொல்ல முடியாது. நாலு பேர் தங்குகிற பால்கனி கேபின்கள் ஒரு கப்பலில் குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும், மிஞ்சுவது விலை கூடியவை. அந்த விலைக்கு இரண்டு உட்புறக் கேபின் சில வேளை கிடைக்கும், அதில் இரண்டு குளியலறையும் சேர்ந்து வரும். காலையில் நாலு பேர் ஒரு குளியலறைக்கு வரிசையில் நிற்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேபினில் சோபாவை விரித்தால் நாலு பேர் படுக்கலாம் என்று படத்தில் தெரிந்தாலும், முன்பதிவுக் கணினி மூன்று பேரோடு நிறுத்திவிடுவதும் உண்டு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் உயிர்காப்புப் படகில் இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது, அந்தப் பகுதி நிரம்பினால் காலியாக இருக்கிற மேல் கட்டிலையும் விற்கமாட்டார்கள். கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் ஒரு ஆள்.

மலிவு என்று ஏஜென்ட் காட்டுகிற "கேரண்டி" கேபினை இரண்டு கேபின் தேவைப்படுகிற குடும்பம் தொடவே கூடாது. அதில் கேபின் இலக்கத்தைப் பின்னால் கம்பனி தருகிறது. ஒன்று ஆறாவது தளத்தில், மற்றது பத்தாவது தளத்தில் விழலாம். இலக்கத்தை நீங்களே தெரிவு செய்கிற வகையில் எடுங்கள், எடுக்கும்போது "பக்கத்தில்" என்று சொல்லி விட்டுவிடாமல், உள்ளே கதவு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பக்கத்துக் கேபின் என்றால் சுவர் மட்டும் பொது, இரவு ஒன்றரைக்குச் சின்னவள் எழும்பி அழுதால் நடைபாதை வழியாகத்தான் ஓட வேண்டும். பத்து வயதுக்குக் கீழே என்றால் உள்கதவு இல்லாமல் நான் எடுக்கமாட்டேன்.

பத்திரங்களில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இதை வெளிநாட்டு இணையத்தளங்களில் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். தாத்தா நடராசா. அப்பா நடராசா குமரன். மகன் குமரன் ஆதவன். அம்மாவின் கடவுச்சீட்டில் அவருடைய அப்பாவின் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர், கவுண்டரில் நிற்கிறவருக்கு மூன்று அந்நியர்கள். பெற்றோரின் குடும்பப் பெயரும் பிள்ளையின் பெயரும் வேறாக இருந்தால் பிள்ளையின் கடவுச்சீட்டோடு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் காட்ட வேண்டும் என்பது ரோயல் கரீபியனின் விதி, உறவு பத்திரத்தில் தெரிய வேண்டும். நம் பத்திரங்கள் தமிழிலோ சிங்களத்திலோதான் இருக்கும், எனவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து மூலத்தோடு வைத்திருங்கள். கம்பனி எதுவாக இருந்தாலும் இதைச் செய்யலாம், செலவு அதிகமில்லை. ஏஜென்ட்மார் "அதெல்லாம் கேட்கமாட்டார்கள்" என்பார்கள். கேட்கிற அன்று அவர் கொள்ளுப்பிட்டியில் ஏசிக்குள் இருப்பார், நீங்கள் மயாமியில் பெட்டிகளோடு நிற்பீர்கள்.

மாமா, சித்தி, அம்மம்மா யாராவது பிள்ளையைக் கூட்டிப்போவதென்றால் கடிதமும் வேண்டும். பெற்றோரில் ஒருவராவது கையெழுத்திட்டு, பிரசித்த நொத்தாரிசு உறுதிப்படுத்திய மூலப்பிரதி. கப்பலில் கூட்டிப்போகவும், மேற்பார்வை செய்யவும், அவசரமென்றால் வைத்தியம் செய்யச் சம்மதிக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுக்கிறோம் என்று அதில் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் செல்லாது. கடிதத்தை ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பு வேலையும் மிச்சம்.

சரி, எதை எடுப்பது? இரண்டு பிள்ளைகளும் 12க்குக் கீழே என்றால் சிங்கப்பூரிலிருந்து நாலு பேர் கேபின் ஒன்று. லீவு கொஞ்சம், விசா அலைச்சல் வேண்டாம், கைக்குழந்தையும் உண்டு என்கிறவர்களுக்கு டிஸ்னி, காசு கூடினாலும். வீட்டில் 18, 19, 20 வயதில் யாராவது இருந்தால் சிங்கப்பூர் ரோயல் கரீபியனுக்கு ஈடு இல்லை, எதிரெதிர்க் கேபின் தந்திரம் அங்கே கட்டாயத்துக்காக இல்லாமல் விருப்பத்துக்காகச் செய்யலாம். ரொறன்ரோ கூட்டத்தோடு மயாமிதான் என்று முடிவாகிவிட்டால், பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்பவரின் வயதை முதலில் கேளுங்கள்: 25 நிறைந்திருந்தால் கார்னிவலும் சரி, 21க்கும் 24க்கும் நடுவில் என்றால் ரோயல் கரீபியன் மட்டும். அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், பஹாமாஸைத் தொட்டுவிட்டுத் திரும்ப மயாமிக்குள் வருவது இரண்டாவது நுழைவு. எம்.எஸ்.சி. லண்டன் சொந்தங்களோடு போகிற, இரண்டு பெற்றோரும் கூட இருக்கிற, ஒரே கேபினில் நெருங்கிப் படுக்கச் சம்மதிக்கிற வீட்டுக்கு.

முன்பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையின் கடவுச்சீட்டை எடுத்துத் திகதியைப் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 3 வருடக் கடவுச்சீட்டு எடுத்த வீடுகள் அதிகம், திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று பார்த்தால் அது இரண்டரை வருடம்தான். புதிதாக எடுக்கப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். அப்பா கட்டாரிலோ டுபாயிலோ வேலை செய்கிற வீடு என்றால் அவர் லீவில் வரும்போதே பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலக வேலையை முடித்துவிடுங்கள்.