பொலிகுதிரைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருக்கனூர் பக்கம் இரண்டு பெட்டைக்குதிரைகள் வைத்திருக்கிறேன். ஒன்று கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் என்ற பந்தய இனம். அதற்கு ஷோஜம்பிங், அதாவது கம்பத் தடைகளைத் தாண்டும் போட்டிக் குதிரையின் ரத்தத்தில் ஒரு குட்டி எடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்கு இதுவரை ஒன்றேகால் லட்சம் போயிருக்கிறது. குட்டி இல்லை.

ஈசிஆரை ஒட்டி ஒரு பண்ணை. பெயர் வேண்டாம், பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. "ஜெர்மனியில பிறந்த ஹனோவேரியன் சார், ஒன்பது வயசு, 1.40 மீட்டர் அநாயாசமா தாண்டும்" என்றார் உரிமையாளர். ஹனோவேரியன் என்பது தாண்டுவதற்குப் பேர்போன ஜெர்மன் இனம். செம்பழுப்பு நிறம், 16 கைக்கு மேல் உயரம் (ஒரு கை என்பது நான்கு அங்குலம்), மினுமினுவென்று இருந்தது. கூட வந்த மாமா நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "ராஜ சுழி மாப்ள, யோசிக்காத" என்றார். போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். ஒரு கம்பம்கூட விழவில்லை. அன்றைக்கே 60,000 கொடுத்துவிட்டு வந்தேன். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்த குதிரையை நான் ஏன் பார்க்கவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

முதல் தப்பு அந்த வீடியோதான். குதிரை நன்றாகத் தாண்டுவதில் பரம்பரைக்கு ஒரு பங்குதான் உண்டு. மீதி பயிற்சியும் மேலே உட்கார்ந்திருப்பவரின் கையும். ஜெர்மனியில் ஆண்குதிரைக்கு இரண்டரை வயதிலேயே தேர்வு வைத்துவிடுகிறார்கள். கால் மூட்டுகளுக்கு எக்ஸ்ரே, ஆள் ஏறாமல் தனியாகத் தாண்டவிட்டுப் பார்ப்பது, அப்புறம் சவாரித் தேர்வு. இவ்வளவும் தேறினாலும் கடைசியில் குட்டிகள் வளர்ந்து எப்படித் தாண்டுகின்றன என்பதுதான் கணக்கு. 1971-ல் ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் இனக் குதிரை வளர்ப்பவர்கள் பிரான்சிலிருந்து கொண்டுபோன கோர் டி லா பிரியேர் என்ற பொலிகுதிரை, தான் ஜெயித்த கோப்பைகளால் பேசப்படும் குதிரை இல்லை. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன.

இதெல்லாம் தெரிந்தும், "இதோட குட்டிங்க எங்க இருக்கு?" என்று நான் கேட்டது இரண்டாவது தவணை கொடுக்கும்போதுதான். "எல்லாம் பெங்களூர்ல சார்." ஒரு நம்பராவது கொடுங்கள் என்றால், "பார்ட்டி ஃபாரின் போயிருக்காரு." அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

இரண்டு முறை சேர்க்கைக்கு விட்டோம். டெம்போ வாடகை, அங்கே தங்கவைத்த செலவு எல்லாம் தனி. ஒவ்வொரு முறையும் 15-ஆம் நாள் ஸ்கேன் எடுத்தால் சினை இல்லை. பண்ணைக்காரர் அசராமல், "உங்க குதிரைலதான் சார் குறை, கர்ப்பப்பையக் கழுவுங்க" என்றார். எங்கள் டாக்டர் பார்த்தவரை கர்ப்பப்பை சுத்தமாக இருந்தது. கருமுட்டையும் நேரத்துக்கு வெளியாகியிருந்தது.

மூன்றாவது முறை டாக்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆண்குதிரை இறங்கும்போது சொட்டியதை ஒரு கப்பில் பிடித்தார். வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து, காரின் டிக்கியிலேயே மைக்ரோஸ்கோப்பை நிறுத்திப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். விந்தணுக்கள் பெரும்பாலும் அசையவே இல்லை. ஓரத்தில் ஏழெட்டு மட்டும் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. "கடைசிச் சொட்டை வச்சு முடிவு சொல்ல முடியாது, முறையா எடுத்து எண்ணிப் பாக்கணும்" என்றார் டாக்டர். பண்ணைக்காரர் சம்மதிக்கவில்லை. குதிரை மிரண்டுவிடுமாம்.

அப்புறம் டாக்டர் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினார். மேல்வரிசை முன்பற்களில் கடைசிப் பல்லில் பழுப்பாக ஒரு கோடு. ஏறக்குறைய 10 வயதில் ஈறோரம் தொடங்கி, 15 வாக்கில் பாதிப் பல் வரை இறங்கும் கோடு அது. வருடக் கணக்கில் துல்லியம் கிடையாது. ஆனாலும் ஒன்பது வயதுக் குதிரைக்குப் பாதியைத் தாண்டி இறங்கியிருக்க வழியே இல்லை. அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் சிப்பைப் படிக்க, கழுத்தின் இடதுபக்கம் ஸ்கேனரை வைத்தார். பீப் என்று 15 இலக்க எண் வந்தது. லேமினேட் செய்து காட்டிய பேப்பரில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டால் முதல் மூன்று இலக்கமே சேரவில்லை. வீடியோவில் தாண்டியது எந்தக் குதிரையோ!

கல்தரையில் வட்டமாக ஓடவிட்டபோது இடது பின்னங்காலைச் சற்றே குறுக்கி வைத்தது. "நேத்துதான் லாடம் மாத்தினோம்" என்றார்கள். பின்னங்கால் மூட்டில் கோளாறு இருந்து அது குட்டிக்கும் வந்தால், தாண்டும் குதிரைக்கு வேறென்ன மிச்சம்? குதிரைக்குக் குதிரை தொற்றும் கிளாண்டர்ஸ் நோய்க்கான பரிசோதனை அறிக்கை கேட்டேன், கிடைக்கவில்லை. நேரடிச் சேர்க்கைக்கு என் குதிரையை அனுப்பும் முன்பே கேட்டிருக்க வேண்டியது. உண்மையிலேயே வார்ம்பிளட் (ஹனோவேரியன் போன்ற ஐரோப்பியச் சவாரி இனங்கள்) என்றால், குட்டியின் தோலைப் பலவீனமாக்கும் டபிள்யூஎஃப்எஃப்எஸ் என்ற பரம்பரைக் குறைக்கு முடியின் வேரை வைத்துச் செய்யும் மரபணுச் சோதனையும் கேளுங்கள். தாய், தந்தை இரண்டிலும் அந்தக் குறை ஒளிந்திருந்தால் நான்கில் ஒரு குட்டி தோல் கிழிந்து சாகும்.

எழுத்தில் எதுவும் வாங்காததுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. குட்டி உயிரோடு பிறந்து, எழுந்து நின்று பால் குடித்தால்தான் முழுப்பணம் என்று எழுதிக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம். என்னிடம் இருப்பது ஜிபே ரசீதும் "பாத்துக்கலாம் சார்" என்ற வாய்வார்த்தையும்தான்.

போன வாரம் கடலூர் நண்பர் ஒருவர், நல்ல ஆண்குதிரை வந்திருக்கிறது என்று ஒரு போட்டோ அனுப்பினார். புதுப் பெயர், டச்சு ரத்தமாம், வயது எட்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காது நுனியில் அதே சின்னக் கிழிசல், இடது முழங்காலுக்குக் கீழே அதே வெள்ளைத் தழும்பு. உங்களுக்கும் அந்தப் போட்டோ வந்தால் முதலில் காதைப் பாருங்கள்.