உவர்மலையில் ஒரு லினக்ஸ் ரவுட்டர்: கெர்னல் வழுக்களைத் தேடிப் பிடித்த அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் கல்வி நிலையத்தின் இணையம் முழுவதும் ஒரு பழைய மேசைக் கணினி வழியாகத்தான் போய்வருகிறது. அதில் ஓடுவது லினக்ஸ். பல ஆண்டுகள் அதைப் பராமரித்த பிறகு துணிந்து சொல்கிறேன்: லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் வலையமைப்புப் பகுதியில் வழு (நிரல் பிழை) இருந்தால், அதைத் திருத்த வைக்க சாதாரணப் பயனராலும் முடியும். பொறுமையும் ஒழுங்கான சோதனையும் வேண்டும், அவ்வளவுதான்.

கெர்னல்மீது பழி போடுமுன் கம்பியைப் பாருங்கள். கடலோர ஊரில் உப்புக்காற்று ஈதர்நெட் செருகியின் முனைகளை அரித்துவிடும். ஈதர்நெட் அட்டையின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் கம்பியிலோ செருகியிலோதான்.

எங்களைப் பாடாய்ப் படுத்திய வழு வேறு வகை. கெர்னலைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் பாடக் காணொளிகளை ஏற்றும் வேகம் சரிந்து ஊர்ந்தது. இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தியான பிங் சரியாகப் போனது, வலைப்பக்கங்களும் உடனே திறந்தன. சிறியவை தப்பி, பெரியவை மட்டும் மாட்டிக்கொண்டால் ஈதர்நெட் அட்டையின் டிஎஸ்ஓ வசதியைச் சந்தேகிக்கலாம். அந்த வசதியில், கெர்னல் 64 கிலோபைட் வரையான பெரிய துண்டைக் கொடுக்க, அதைச் சிறு பொதிகளாக (வலையில் போகும் தரவுத் துண்டுகளாக) வெட்டுவது அட்டையின் வேலை.

இந்த இடத்தில் புதியவர்கள் பலர் வழி தவறுகிறார்கள். அனுப்பும் கணினியில், போய்வரும் பொதிகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டினால், பொதிகளில் செக்சம் (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) தவறு என்று வரிசையாகக் காட்டும். அது வழு அல்ல. செக்சத்தை அட்டைதான் கடைசியில் நிரப்புகிறது, டிசிபிடம்ப் பார்ப்பதோ அதற்கு முந்திய நிலையை. பெறும் பக்கத்திலும் பதிவெடுத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்த்தபோது, ஒவ்வொரு பெரிய துண்டிலும் கடைசிப் பொதி மறுபக்கம் வந்து சேரவே இல்லை. டிஎஸ்ஓவை அணைத்ததும் பழைய வேகம் திரும்பியது.

பலர் இத்தோடு விட்டுவிடுவார்கள். விடக் கூடாது என்பேன். அதே அட்டையை வாங்கிய இன்னொருவர், இதே தலைவலியை முதலிலிருந்து அனுபவிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த வேலை கிட் பைசெக்ட், அதாவது வழுவைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடிப் பிடிக்கும் கட்டளை. ஒரு கெர்னல் பதிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் சுமார் 14 கட்டங்களில் ஒரே மாற்றத்துக்கு வந்துவிடலாம். தேடலை ஈதர்நெட் டிரைவர் (அட்டையை இயக்கும் நிரல்) கோப்புறையோடு நிறுத்தினால் அதிலும் குறையும். ஒவ்வொரு கட்டத்திலும் கெர்னலை மூலநிரலிலிருந்து கட்டிச் சோதிக்க வேண்டும்; மெதுவான கணினியில் அதை முழுதாகக் கட்டுவது வீண்வேலை. மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை, அந்த வேளையில் பயன்பாட்டில் இருக்கும் மாட்யூல்களை (கெர்னலின் தனித்தனிக் கூறுகளை) மட்டும் தெரிவுசெய்து தரும். மின்வெட்டு மிகுந்த நாட்களில் இந்தக் கட்டளை இல்லாவிட்டால் தேடலை முடித்தே இருக்க மாட்டேன்.

குற்றவாளி மாற்றம் கையில் கிடைத்தபின் எழுதுவது எளிது: சரியாக ஓடிய பதிப்பு, பழுதான பதிப்பு, அட்டையின் ரகத்தைக் காட்டும் பிசிஐ அடையாள எண், இரு பக்கப் பதிவுகள். யாருக்கு எழுத வேண்டும் என்பதைக் கெர்னல் மூலநிரலோடு வரும் கெட்-மெயின்டெய்னர் நிரலே சொல்லிவிடும். டிரைவர் பொறுப்பாளர் அனுப்பிய திருத்தம் சில வரிகள்தான். அதை எங்கள் கணினியில் ஓட்டிச் சரிபார்த்துப் பதில் எழுதினேன். திருத்தத்தில் ‘ஃபிக்ஸஸ்’ என்ற வரி பழுதான மாற்றத்தைச் சுட்டுவதால், பழைய நிலையான பதிப்புகளுக்கும் அது போய்ச்சேர வழி உண்டு.

வழுவைத் தவிர்த்து, நாளாந்தப் பயன்பாட்டில் மிகவும் பிடித்தது, பொதிகளின் வரிசையை நிர்வகிக்கும் கெர்னல் வசதியான எஃப்கியூ-கோடெல். 2012 இல் 3.5 பதிப்போடு வந்தது. வரிசையில் பொதிகள் அதிக நேரம் காத்துக்கிடக்க அது விடாது. 2018 இல் 4.19 பதிப்பில் சேர்ந்த கேக் என்ற அதே வகை வசதி இன்னும் செம்மையானது, ஆனால் அதற்கு இணைப்பின் வேகத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மாலையானால் வேகம் விழுந்துவிடும் 4ஜி இணைப்புக்கு அது பொருந்தவில்லை. நிலையான ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் தயங்காமல் போடலாம்.

வகுப்புகள் நம்பியிருக்கும் ரவுட்டரில் நீண்டகால ஆதரவுப் பதிப்பை (பல ஆண்டுகள் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் கெர்னல் பதிப்பை) மட்டுமே வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்தால் அதே ரக அட்டை பூட்டிய இன்னொரு கணினியில் சில நாட்கள் ஓட்டி, பெரிய கோப்புகளை இரு திசையிலும் அனுப்பிப் பார்த்த பிறகுதான் மாற்றுகிறேன்.